போதும் என்னும் சொல்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் நன்றியுணர்வும் மனநிறைவும்

'போதும்' என்பது தமிழின் மிகச் சிறிய சொற்களுள் ஒன்று. இலையின் முன் அமர்ந்தவன் பரிமாறுபவரை நோக்கி அதைச் சொல்லும்போது அச்சொல் வயிறும் மனமும் நிறைந்ததைக் காட்டுகிறது. பரிமாறுபவர் உண்பவனை நோக்கி அதே சொல்லைச் சொன்னாலோ அது அவமதிப்பாகிவிடுகிறது. சொல் ஒன்றே, சொல்லும் வாய் மாறுவதால் பொருளும் மாறுகிறது. கிறித்தவ வாழ்வின் அன்றாடப் பண்புகளாகப் போற்றப்பெறும் நன்றியுணர்வையும் மனநிறைவையும் தமிழ் நூல்கள் எவ்வாறு பாடியுள்ளன என்று ஆராயப் புகுவோர்க்கு இவ்வேறுபாடு நல்லதோர் அளவுகோலாக அமையும்.

இவ்வாராய்ச்சி பெங்களூர்த் தமிழர்க்கு அயலானதன்று. 1809-இல் இங்குப் படைநகர் அமைந்த நாள்தொட்டுப் படைவீரராகவும் பணியாளராகவும் வணிகராகவும் வந்து குடியேறிய தமிழருள் கிறித்தவர் பலர் இருந்தனர். சிவாஜிநகரில் இன்று விண்ணளாவி நிற்கும் புனித மரியன்னைப் பேராலயத்தின் தொடக்கமே செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களோடு இணைத்துப் பேசப்படுகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கே கூடும் பெருங்கூட்டத்தில் வேண்டுதலோடு வருவோரும் உளர். வேண்டியது கிடைத்தமைக்கு நன்றி சொல்ல வருவோரும் உளர். பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு நன்றி என்பதும் நிறைவு என்பதும் ஏட்டில் மட்டும் உள்ள பண்புகள் அல்ல. எவ்வளவு கிடைத்தால் போதும், யாருக்கு நன்றி சொல்வது என்ற வினாக்கள் அவர்கள் வீட்டுக் கணக்கிலேயே எழுபவை.

சொற்கள் காட்டும் வழி

முதற்கண் சொற்களை நோக்குவோம். இன்று நாம் 'நன்றி' என்று சொல்லும்போது வாயால் கூறும் ஒரு மரியாதையையே பெரும்பாலும் குறிக்கிறோம். பண்டைய வழக்கில் அச்சொல் செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. திருக்குறளின் 11-ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர் பெற்றிருப்பது கருதத்தக்கது. அங்கே 'நன்றி' என்பது பிறர் செய்த நன்மை. நாம் செய்ய வேண்டியது அதனை 'அறிதல்'. எனவே தமிழ் மரபில் நன்றியுணர்வு என்பது முதலில் ஓர் அறிவு. யார், எப்போது, எந்நிலையில் நமக்கு நன்மை செய்தார் என்பதை மறவாதிருத்தலே அது.

விவிலியத்தைத் தமிழாக்கியோர் இப்பண்பிற்கு வேறொரு சொல்லைப் பெரிதும் கையாண்டனர். சீர்திருத்தச் சபையினரிடையே வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் நன்றி கூறுதலைக் குறிக்கும் இடங்கள் பலவற்றில் 'ஸ்தோத்திரம்' என்ற வடசொல்லே நிற்கிறது. அதற்கு நேர்ப்பொருள் புகழ்ச்சி. அச்சொல் மக்கள் வாயில் புகுந்து, வழியில் காண்போர் ஒருவருக்கொருவர் கூறும் வணக்கமாகவே ஆகிவிட்டது. அன்றாட வாழ்வுக்குள் ஒரு சமயச் சொல் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது வியப்பிற்குரியது. ஆயினும் நன்றி புகழ்ச்சியாக மாறியபோது ஒன்று சற்றே மங்கியது. புகழ்ச்சி மேல்நோக்கிச் செல்வது. செய்ந்நன்றி அறிதலோ பக்கத்தில் இருப்பவரையும் நோக்குவது.

மனநிறைவைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே சுவையான வரலாறு உடையவை. 1871-இல் வெளிவந்த ஒன்றிணைந்த தமிழ் மொழிபெயர்ப்பில், பவுல் அடிகள் பிலிப்பியர்க்கு எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்தில் 'மனரம்மியம்' என்ற சொல் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலின் ஆறாம் அதிகாரத்திலோ அதே கருத்திற்குப் 'போதுமென்கிற மனது' என்ற தொடர் வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். தன்னளவில் நிறைந்திருத்தல் என்பது அவற்றின் பொருள்; இசுதோயிக்கு மெய்யியலார் பெரிதும் விரும்பிய கருத்து அது. தமிழில் ஒன்று வடமொழிச் சாயலோடு மனத்தின் இனிமையைக் காட்ட, மற்றொன்று 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்ற நம் பாட்டியர் வாய்மொழியின் மணத்தோடு வருகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'மனநிறைவு' என்றே கூறி வேர் ஒற்றுமையைக் காத்தது. ஆயினும் பழமொழி தந்த அணுக்கத்தை இழந்தது என்றும் கூற வேண்டும். 'போதும்' என்னும் சொல்லில் ஒரு கையசைவு இருக்கிறது. 'மனநிறைவு' என்பதில் அது இல்லை.

இவ்வரிசையில் கத்தோலிக்கர் வழங்கும் 'நற்கருணை' என்ற சொல்லையும் சேர்க்கலாம். அவ்வழிபாட்டின் கிரேக்கப் பெயருக்கு நன்றி கூறுதல் என்பதே பொருள். அப்பெயரை உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் 'நல்ல' என்பதும் 'அருள்' என்பதும் கிடைக்கும். தமிழ்ச் சொல் அப்பிரிப்பையே பின்பற்றியது போல் அமைந்துள்ளது. நன்றி என்ற வெளிப்படைப் பொருள் அதில் மறைந்தாலும், கிறித்தவரின் தலையாய நன்றிச் செயல் ஓர் உணவைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் செயலே என்பது மறைவதற்கில்லை. உணவும் பகிர்வும் இல்லாத இடத்தில் நன்றியைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பதை அவ்வழிபாடே உணர்த்துகிறது.

சிறையிலிருந்து வந்த மடல்

மேற்கூறிய இரு மடல்களையும் இடம், சூழல் நோக்கிப் பயில்வது திறனாய்வாளர்க்குக் கடமை. பிலிப்பியர்க்கு எழுதப்பெற்ற மடல் சிறையிலிருந்து எழுதப்பட்டது. தமக்குப் பொருளுதவி அனுப்பிய நண்பர்களுக்கு எழுதிய நன்றி மடலாகவும் அது விளங்குகிறது. எப்பப்பிராதித்து என்பவர் வழியாக வந்த உதவியைப் பெற்றுக்கொண்டு பவுல் அடிகள், எந்நிலையிலும் நிறைவாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார். ஆயினும் தம் இன்னலில் அவர்கள் பங்குகொண்டது நல்ல செயல் என்பதையும் உடனே சேர்க்கிறார்.

இதில் இரண்டு செய்திகள் பொதிந்துள்ளன. நிறைவைப் பற்றிப் பேசுபவர் விலங்கு பூண்டவர். வெளியில் இருந்தோர் அவரை நோக்கி 'இது உமக்குப் போதும்' என்று கூறவில்லை. அவர் நிறைவாக இருக்கக் கற்றவர் என்பதால் உதவி அனுப்புவதை அவர்கள் நிறுத்தவுமில்லை. பெறுபவரின் நிறைவும் தருபவரின் ஈகையும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே மடலில் அருகருகே நிற்கின்றன. 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல்லும் கருதற்குரியது. நிறைவு பிறவிக் குணமாகவோ ஏழைமையின் இயல்பாகவோ அங்குக் கூறப்படவில்லை. பட்டறிவால் ஒருவர் தாமே பயின்ற கலையாகக் கூறப்படுகிறது.

தீமோத்தேயுவுக்கான மடலும் ஓர் எல்லையை வகுக்கிறது. சமயப்பற்றைப் பொருளீட்டும் வழியாகக் கருதுவோரைக் கண்டித்த பின்னரே அங்குப் 'போதும்' என்ற கருத்து வருகிறது. உண்ணவும் உடுக்கவும் உள்ளவர்களுக்கே அது அறிவுரையாகிறது. அந்த அதிகாரத்தின் இறுதியில் செல்வர்கள் தாராளமாகப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற கட்டளையும் வருகிறது. ஆகவே உணவும் உடையும் இல்லாதவனை நோக்கி அவ்வசனத்தை நீட்டுவது மூலநூலுக்கே மாறானது. இவ்விரு மடல்களிலிருந்தும் பெறும் இலக்கணம் இதுவே: தன் பங்கைப் பற்றி 'போதும்' என்று சொல்வது நிறைவு, பிறர் பங்கைப் பற்றி அவ்வாறு சொல்வது நிறைவாகாது. இவ்விலக்கணத்தைக் கையில் கொண்டு நம் நூல்களுக்குள் புகுவோம்.

தச்சனைத் தலைவனாகக் கொண்ட காப்பியம்

1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் மரியன்னையின் கணவராகிய சூசையப்பர். பேரரசர்களையும் பெருவீரர்களையும் தலைவர்களாகக் கொள்ளும் காப்பிய மரபில், மரத்தை இழைத்து வயிறு வளர்த்த ஒரு தச்சர் தலைவராக்கப்பட்டது எளிய செயலன்று. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் 'பெருகுக' என்ற கருத்து உண்டு. அதனை உட்கொண்டே முனிவர் அவருக்கு 'வளன்' என்று தமிழ்ப்பெயர் சூட்டினார். வளம் ஏதுமில்லாத தொழிலாளிக்கு வளன் என்ற பெயர் அமைந்ததில் ஒரு கருத்து நிறைந்து நிற்கிறது. உடைமையைக் கொண்டு அளக்கப்படாத ஒரு பெருக்கத்தை அப்பெயர் சுட்டுகிறது.

இக்காப்பியத்தில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் தம்மையே காணத்தக்க பகுதி ஒன்றுண்டு. ஏரோதின் கொடுமைக்கு அஞ்சி, பச்சிளங்குழந்தையோடு எகிப்து நாட்டிற்குச் சென்று, அயல்மொழி பேசும் மக்களிடையே வாழ்ந்து, பின்னர் ஊர் திரும்பும் வரலாறு அது. விவிலியத்தில் சில வரிகளில் முடியும் அச்செய்தியை முனிவர் பல படலங்களாக விரித்துள்ளார். தாமும் இத்தாலியை விட்டுத் தமிழ்நாட்டிற்கு வந்து இங்கேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர் என்பதை எண்ணும்போது அவ்விரிவின் காரணம் ஓரளவு விளங்குகிறது.

எனினும் குறையும் சொல்லத்தான் வேண்டும். நாட்டு வளமும் நகர வளமும் பாடும் காப்பிய மரபு முனிவரை இறுகப் பற்றியிருந்தது. மாடமும் மணியும் ஒளிரும் நகரங்களே நம் கண்முன் பெரிதாகத் தோன்றுகின்றன. உளியின் ஒலியும் கூலியின் கணக்கும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஏழையைத் தலைவனாக்கிய துணிவு, ஏழையின் நாளைப் பாடும் அளவுக்குச் செல்லவில்லை. வளனின் நிறைவு நமக்கு அருள்நெறியாக விளங்குகிறது. அன்றாடமாக விளங்குவது அரிதாகவே நிகழ்கிறது.

ஏற்றப்பாட்டும் கும்மியும்

அந்த அன்றாடத்திற்கு இலக்கியத்தில் இடம் தேடியவருள் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864). நெல்லைச் சீமையில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பெற்று, இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் புகழுடன் விளங்கியவர். அவர் தேர்ந்தெடுத்த இலக்கிய வகைகளைப் பார்த்தாலே அவர் உள்ளம் புலப்படும். பெத்லகேம் குறவஞ்சி, ஞான ஏற்றப்பாட்டு, சாத்திரக் கும்மி, ஞானத்தச்ச நாடகம் என அவை நீளும். கவலை இறைப்பவன் பாட்டும், பெண்கள் கைகொட்டி ஆடும் ஆட்டமும், குறி சொல்பவளின் பேச்சும் அவருக்கு இறைபுகழுக்குரிய வடிவங்களாயின.

ஏற்றப்பாட்டு உழைப்போடு பிறந்த பாட்டு. நீரை இறைத்துக்கொண்டே, இறைத்த சாலை எண்ணிக்கொண்டே பாடுவது அது. அவ்வடிவத்தைக் கிறித்தவப் பாடலுக்கு எடுத்தபோது, நன்றி கூறுவதற்கு வேலையை நிறுத்திவிட்டுத் தனியே ஓரிடம் செல்ல வேண்டியதில்லை என்ற கருத்தும் உடன் வந்தது. தேம்பாவணியில் நாம் கேட்க விரும்பிய உழைப்பின் ஒலி இங்கே கேட்கிறது.

ஆனால் இவரிடமும் நம் அளவுகோலை மறைத்து வைத்தல் நேர்மையாகாது. 1820-களில் தஞ்சைத் திருச்சபையில் சாதி வழக்கம் பற்றிய பெரும் சிக்கல் எழுந்தது. கோயிலில் தனித்தனியே அமர்தலும் பந்தி வேறுபாடும் ஒழிய வேண்டும் என்று புதிய மிசனரிமார் கூறினர். சாத்திரியார் பழைய வழக்கத்தின் பக்கம் நின்று அவர்களை எதிர்த்து எழுதினார். தமிழர் இசையையும் பண்பாட்டையும் அயலார் இகழ்ந்தபோது அவர் எழுப்பிய குரலில் நியாயம் உண்டு. சாதியைப் பொறுத்தவரை அவர் தம் நிறைவுக்கும் பிறர் நிலைக்கும் இடையே உள்ள கோட்டைக் காணத் தவறினார் என்றே கூற வேண்டும். உழைப்பவன் பாட்டை ஏற்றுக்கொண்ட புலவர், அவன் அமரும் இடத்தைப் பற்றிய மனக்குறையை ஏற்றுக்கொள்ளவில்லை. கவிதையில் திறந்த கதவு வழக்கத்தில் மூடிக்கொண்டது.

வழிப்போக்கனின் நிறைவு

நெல்லைச் சீமையில் பிறந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900) வேறொரு சிக்கலை நம்முன் வைக்கிறார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறித்தவத்தைத் தழுவிய இப்பெரும்புலவர், ஆங்கில நாட்டு யான் பனியன் 1678-இல் வெளியிட்ட நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றி 1894-இல் வெளியிட்டார். முதுகில் பாரம் சுமந்தவன் தன் ஊரை விட்டுப் புறப்பட்டு, அழியா நகர் நோக்கி நடக்கும் வரலாறு அது. இருக்கும் இடம் போதும் என்று அவன் எண்ணியிருந்தால் காப்பியமே இல்லை. நிறைவைப் போற்றும் சமயத்தின் புகழ்பெற்ற காப்பியம் நிறைவின்மையிலிருந்து புறப்படுகிறது என்பது சிந்திக்கத்தக்கது.

இம்முரணுக்கு விடை பனியனிடமே கிடைக்கிறது. 1684-இல் அவர் வெளியிட்ட இரண்டாம் பகுதியில், தாழ்மைப் பள்ளத்தாக்கில் எளிய உடையணிந்த ஓர் ஆட்டிடையச் சிறுவன், உள்ளது கொண்டு மகிழ்வதாகப் பாடுகிறான். அப்பாட்டை அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. பள்ளத்தாக்கில் வாழ்பவன் அவனே, பாடுபவனும் அவனே. பனியனும் தம் நம்பிக்கைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். ஆகவே இவர்கள் கூறும் நிறைவு கால்களைக் கட்டிப்போடுவதன்று. நடந்துகொண்டே இருப்பவனுக்கு வழியில் கிடைக்கும் நிழல் போன்றது. ஊரை விட்டுப் புறப்பட்டு வந்த நமக்கு இவ்விளக்கம் பொருந்துவது போல் வேறெதுவும் பொருந்தாது. மேலும் முன்னேற விழைவது நன்றிகெட்ட செயலென்று கருதி நம் பிள்ளைகள் கூச வேண்டியதில்லை.

பஞ்சத்தின் முன் ஒரு புலவர்

நன்றியும் நிறைவும் பற்றிப் பாடிய தமிழ்க் கிறித்தவருள், நம் அளவுகோலில் முழுமையாகத் தேறுபவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) என்பது என் கருத்து. குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, முன்சீபாகப் பல்லாண்டு பணியாற்றி, 1859-இல் நீதிநூலையும், 1879-இல் தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தையும் வெளியிட்டவர். இவ்விரண்டிற்கும் இடையே 1878-இல் வெளிவந்தது சர்வசமய சமரசக் கீர்த்தனைகள்.

அந்நூலின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். எச்சமயத்தாரும் பாடத்தக்கவாறு ஒரே இறைவனை முன்னிலைப்படுத்தி அவர் பாடினார். இறைபுகழோடு நில்லாமல் இல்லறம், ஒழுக்கம், உத்தியோக வாழ்வு ஆகியவற்றையும் கீர்த்தனைக்குள் கொண்டுவந்தார். நீதிமன்றத்தில் நாள்தோறும் மனிதரின் பேராசையைக் கண்ட ஒருவர் நிறைவைப் பற்றிப் பாடும்போது அச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. கைக்கூலி வாங்கும் அலுவலரை அவர் கடிந்து பாடியதை இத்துடன் சேர்த்து நோக்குக. 'போதும்' என்ற சொல்லை அவர் ஏழை வழக்காளியை நோக்கிச் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரை நோக்கிச் சொன்னார்.

அக்கீர்த்தனைகள் வெளிவந்த காலத்தையும் மறத்தலாகாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தோடு நாம் வாழும் இம்மைசூர் நாடும் பெருந்துயருற்றது. சிவாஜிநகர்ப் பேராலயத்தின் இன்றைய கட்டடம் எழுந்த 1875 முதல் 1882 வரையிலான ஆண்டுகள் அப்பஞ்ச காலத்தையும் உள்ளடக்கியவை. அப்பெருந்துயரின்போது, இறைவன் தருவதை ஏற்று அமைதியாயிருங்கள் என்று பாடிவிட்டுச் செல்வது ஒரு பக்திப் புலவர்க்கு எளிதாக இருந்திருக்கும். வேதநாயகம் பிள்ளை அவ்வாறு செய்யவில்லை. பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருட்டிண பாரதியார் அவ்வீகையைக் கண்டு உளம் நெகிழ்ந்து அவர்மீது பாடினார்.

இதில் மற்றொரு நயமும் உண்டு. அப்பஞ்ச காலத்தில் பசித்தோர்க்கு உதவிய திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகம் பிள்ளை நன்றியோடு பாடினார். கத்தோலிக்கர் ஒருவர் சைவ மடத்தின் தலைவருக்கு, தமக்குச் செய்யப்படாத உதவிக்காக, பசித்தோர் சார்பில் நன்றி கூறுகிறார். திருக்குறள் கூறும் செய்ந்நன்றி அறிதலும் விவிலியம் கூறும் நன்றியும் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. இறைவனுக்கு முறையீடு, மனிதர்க்கு நன்றி, தன் உடைமையைப் பொறுத்தவரை 'போதும்' என்ற முடிவு ஆகிய மூன்றும் ஒரே வாழ்வில் ஒருங்கே அமைந்தன. முறையிடுவது நன்றிகேடு என்று கருதுவோர்க்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுவதில்லை.

இக்காலப் பாடல்கள்

இந்த மரபின் வழிவந்தோராகிய நாம் இன்று பாடும் நன்றிப் பாடல்களை இனி நோக்கலாம். இசைத்தட்டும் ஒலிநாடாவும் பின்னர் வந்த கருவிகளும் எண்ணற்ற புதிய பாடல்களைப் பரப்பியுள்ளன. அவற்றுள் மனம் உருக்கும் பாடல்கள் பல உள. எனினும் ஒரு சாயல் மிகுந்து வருவதைக் காண்கிறோம். தாழ்ந்திருந்த தன்னை இறைவன் உயர்த்தினார், இல்லாதவற்றைத் தந்தார், பகைவர் முன் தலைநிமிரச் செய்தார் என்று பெற்ற பேறுகள் பட்டியலாக நீள்கின்றன.

இதனை எள்ளி நகையாடுதல் தகாது. இந்துத்தான் விமானத் தொழிற்சாலை 1940-இலும், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை 1948-இலும், எச்.எம்.டி. 1953-இலும், பாரத் எலக்ட்ரானிக்சு 1954-இலும் இந்நகரில் தோன்றியபோது, அவற்றில் வேலை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல. வாடகை அறையில் தொடங்கிய வாழ்வு சொந்த வீட்டில் முடிந்தால் அதற்கு நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது? பட்டியல் பொய்யன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. அப்பாடல்களில் பாடுபவரும் இறைவனும் தவிர வேறு மனிதர் எவரும் இல்லை. இடையில் வருவோர் பகைவர் மட்டுமே. வேலைக்குப் பரிந்துரைத்த ஊர்க்காரர், பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியர், ஊதியத்திற்காகப் போராடிய தொழிற்சங்கத் தோழர், மொழி தெரியாது தவித்த நாளில் வழிகாட்டிய கன்னடப் பக்கத்து வீட்டம்மையார் ஆகியோர் அப்பாடல்களுக்குள் நுழையவே இல்லை. செய்யப்பட்ட நன்மையை 'அறிதல்' அங்கே நிகழவில்லை. மேலும், அப்பாடல் முழங்கும் கோயிலின் கடைசி வரிசையில் வேலை இழந்த ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். உயர்த்தப்பட்டோர் மட்டுமே அருள்பெற்றவர் என்று பொருள்படும் பாட்டை அவர் எந்த வாயால் பாடுவார்? ஒருவரைப் பாட விடாத நன்றிப் பாடல், சொல்லழகும் இசையழகும் பெற்றிருந்தாலும், சபைப் பாடலாகாது.

பொன்வயலும் அறுப்பின் பண்டிகையும்

போதுமென்ற மனம் பொன் செய்யும் என்ற பழமொழியை, பொன்னையே தோண்டிய தமிழரை நினையாமல் இம்மாநிலத்தில் சொல்ல இயலுமா? கோலார் தங்கவயலில் 1880-களில் சுரங்கத்தொழில் வளர்ந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பெற்றது வரை, பல தலைமுறைத் தமிழர் பூமிக்குள் இறங்கி உழைத்தனர். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வாழத்திற்கு இறங்கி வெளிவந்த ஒவ்வொரு நாளும் நன்றிக்குரிய நாளே. அந்நன்றியை அவர்கள் தம் சிற்றாலயங்களில் பாடியதுண்டு. ஆனால் உயிரோடு மீண்டதற்கு அவர் கூறிய நன்றியை, கூலி போதும் என்பதற்கான ஒப்புதலாக எவரும் எழுதிக்கொள்ள உரிமையில்லை. சுரங்கம் மூடிய பின் அவ்வூரிலிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடி வருவோர்க்கும் இது பொருந்தும்.

நகரக் கோயில்களில் ஆண்டுதோறும் நிகழும் அறுப்பின் பண்டிகையும் நம் ஆய்விற்கு உதவுகிறது. உழுவதும் அறுப்பதும் அறியாத நகர மக்கள் அந்நாளில் பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் வீட்டில் செய்த பலகாரமும் கொணர்ந்து படைக்கின்றனர். வழிபாடு முடிந்ததும் அவை ஏலம் விடப்படுகின்றன. சந்தையில் சில ரூபாய் பெறும் எலுமிச்சம்பழம் ஒன்று பன்மடங்கு விலைக்கு ஏலம் போவதைக் கண்டு சிறுவர் வியப்பர். ஏழை ஒருவர் வைத்த பொருளும் செல்வர் வைத்த பொருளும் ஒரே மேசையில் இருந்து ஒரே குரலால் கூறப்படுகின்றன. எதை யார் வைத்தார் என்பதை ஏலம் கேட்பவர் எண்ணுவதில்லை. நெல்லைப் பக்கத்துச் சபைகளில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையும், சோறாக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் காணிக்கையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அந்தப் பிடியரிசியில் ஓர் இலக்கியக் கொள்கையே அடங்கியிருக்கிறது எனலாம். உலையில் இடுமுன் எடுத்து வைப்பதால் அது மிச்சத்திலிருந்து கொடுப்பதாகாது. எடுத்த பிடி போக உள்ளது எங்களுக்குப் போதும் என்று அவ்வீட்டுப் பெண் தன் பானையைப் பற்றி மட்டுமே சொல்கிறாள். பிறர் பானை நிரம்ப வேண்டும் என்பதற்காகவே அப்பிடி தனியே போகிறது. நம் புலவருள் வேதநாயகம் பிள்ளை எட்டிய உயரத்தை, பெயரறியாத அப்பெண் நாள்தோறும் எட்டுகிறாள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். தேம்பாவணி எளியவனைத் தலைவனாக்கியது; அவன் அன்றாடத்தைப் பாடத் தயங்கியது. தஞ்சைச் சாத்திரியார் அன்றாடத்தின் வடிவங்களைப் பாட்டில் ஏற்றார். பந்தியில் சமனை ஏற்கத் தயங்கினார். கிருட்டிணபிள்ளை, நிறைவு என்பது நடையை நிறுத்துவதன்று என்று உணர்த்தினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் நிறைவையும் பிறர் பசியையும் பிரித்தறிந்து, முன்னதில் அமைதியும் பின்னதில் அமைதியின்மையும் கொண்டார். இம்மரபில் வந்தோர் இன்று பாடல் இயற்றும்போது அவர் வழியையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இவ்வேண்டுகோள் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகத்து 9-இல் திறக்கப்பெற்றது. அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. இரு நகரங்களும் ஒன்றற்கொன்று செய்ந்நன்றி அறிந்த நாள்கள் அவை எனக் கொள்ளலாம். நம்மை வாழவைத்த கன்னட மண்ணுக்கும் மக்களுக்கும் நன்றி கூறும் தமிழ்ப் பாடல்கள் இங்கு வாழும் நம் இளைஞரிடமிருந்து இன்னும் மிகுதியாக வர வேண்டும். அவற்றில் பெற்றோர் பெயரும், உதவியோர் பெயரும், ஊரும் தெருவும் வரட்டும். வேலையின்றி இருப்பவரும் தயக்கமின்றிச் சேர்ந்து பாடும்படி அவை அமையட்டும். அத்தகைய பாடல்கள் தோன்றுமாயின், 'போதும்' என்னும் நம் பழைய சொல் தனக்குரிய வாயில் தனக்குரிய பொருளோடு ஒலிக்கும்.